சுமையைப் பாதிப் படியில் வைப்பதில்லை

அன்பான என் வீட்டுக்காரருக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். நலமாக இல்லை என்று எழுதினால் மாத்திரையைத் தேடுவீர்கள். அதனால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். கை கால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. பசிக்கிறது, கோபம் வருகிறது, தூக்கம் மட்டும் சரியாக வருவதில்லை. நீங்களும் பாப்பாவும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இங்கே எந்நேரமும் நினைப்பு.

முதலில் உங்கள் தம்பி. அவன் உயிரோடு இருக்கிறான். இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள், பிறகு மற்றதற்குப் போகலாம். அவன் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை, எதை மறைக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். மறைக்கவில்லை. தொடையில் குண்டு பட்டுவிட்டது. குண்டை எடுத்தாகிவிட்டது. ஆனால் காயம் சீழ் பிடித்து, காய்ச்சல் இறங்க மாட்டேன் என்கிறது. இங்கே இருக்கும் டாக்டரிடம் கத்தி இருக்கிறது, மருந்து இல்லை. ஆற்றைத் தாண்டி நீங்கள் இருக்கும் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் காலும் தப்பும், ஆளும் தப்புவான். இங்கேயே வைத்திருந்தால் இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அதனால் நாளைக் காலை நம் லாரியில் அவனை ஏற்றிக்கொண்டு பாலம் வழியாக வருகிறேன்.

வருகிறேன் என்று படித்ததும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அவனை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவேன். நீ செய்தது போதும், சீருடை போட்டவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீ வந்து சேர் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில்தான்: மாட்டேன். சீருடை போட்டவர்கள் என்று யாரைச் சொல்கிறீர்களோ தெரியவில்லை. இந்தத் தெருவில் சீருடை போட்டிருப்பது எங்கள் அதிகாரி ஒருவர்தான். அவருக்கும் சட்டை ஒரு அளவு, கால்சட்டை ஒரு அளவு. மற்றவர்கள் எல்லோரும் நம் கம்பெனிச் சட்டையில்தான் இருக்கிறோம். 'வீட்டுச் சாமான்களைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்போம்' என்று முதுகில் எழுதிய அதே சட்டை. அதைப் போட்டுக்கொண்டு துப்பாக்கி பிடிப்பதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

பின்கதவைப் பூட்டினாயா என்று இந்தக் கடிதத்திலும் கேட்டிருக்கிறீர்கள். பூட்டியிருக்கிறேன். கதவு பூட்டின மாதிரியே பத்திரமாக நிற்கிறது. பக்கத்துச் சுவர்தான் இல்லை. சமையலறைக் கூரை பாதி உள்ளே விழுந்துவிட்டது. முன்னறை அப்படியே இருக்கிறது, உங்கள் நாற்காலியும் இருக்கிறது. பாப்பா கேட்ட பூனை எங்களோடு ஜவுளிக்கடை நிலவறையில் குடியேறிவிட்டது. இந்த ஊரில் இப்போது உடம்பு தேறியிருக்கும் ஒரே ஜீவன் அதுதான் என்று அவளிடம் சொல்லுங்கள். இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டலாம். சித்தப்பாவுக்குக் காலில் அடி என்று மட்டும் சொல்லுங்கள். இனி வருவது உங்களுக்கு.

தெருமுனையில் இருக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக் கட்டடம் நினைவிருக்கிறதா? அதில்தானே பல் டாக்டரின் நாற்காலியை மூன்றாம் மாடிக்கு ஏற்றினோம். ஏற்றுவதற்கு முன் நீங்கள் இஞ்சு டேப்போடு அங்கேயே அரை நாள் குடியிருந்தீர்கள். முன்படிக்கட்டை அளந்துவிட்டு, பின்படிக்கட்டும் இதே அச்சுதான், ஒரே கொத்தனார் கட்டியது என்று சொன்னீர்கள். அப்போது நாங்கள் எல்லோரும் உங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். அந்த அளவு இப்போது உதவியது. எப்படி என்று எழுதுகிறேன்.

அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் உங்கள் தம்பி காவலுக்கு இருந்தான். எதிரே இருக்கும் வங்கிக் கட்டடம் அதுவரை காலியாகத்தான் கிடந்தது. அவனுக்கு அடிபட்ட அன்று காலையில், ஆலையைப் பிடித்து வைத்திருக்கும் எதிரிகள் சந்து வழியாக அதற்குள் புகுந்து, ஜன்னலில் ஒரு பெரிய துப்பாக்கியை வைத்துவிட்டார்கள். இவன் பார்த்துவிட்டு வாக்கி டாக்கியில் எங்களுக்குச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவன் குரல் வந்தது: 'அண்ணி, தொடையில வாங்கிட்டேன். கட்டு போட்டுட்டேன். நீங்க யாரும் மேல வந்துடாதீங்க.' வராதீர்கள் என்று அவன் சொன்ன விதத்திலேயே எவ்வளவு வலி என்று தெரிந்துவிட்டது. நான் உங்கள் வீட்டுக்குள் கால் வைத்த நாளில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, என் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தவன் அவன். அவன் பொய் சொன்னால் எனக்குத் தெரியாதா?

எங்கள் அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. சண்டைக்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். உங்கள் தம்பியைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். மேலிடத்திலிருந்து அவருக்கு உத்தரவு வந்திருந்தது: சாயங்காலத்துக்குள் இந்தத் தெருவை விட்டுவிட்டு ஆற்றங்கரைக்குப் பின்வாங்க வேண்டும். முன்படிக்கட்டில் பெரிய பெரிய ஜன்னல், வங்கியிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும், ஒரு ஆளுக்காக மூன்று ஆளை அனுப்ப என்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். பின்படிக்கட்டு இருக்கிறது என்றேன். அதிலும் இரண்டாம் மாடித் திருப்பத்தில் குண்டு விழுந்து பக்கச் சுவரில் ஓட்டை, அதுவும் வங்கிக்குத் தெரியும் என்றார். தெரியும், ஆனால் சத்தம் போடாமல் போனால் அங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன். உத்தரவு உத்தரவுதான் என்றார். 'உத்தரவை நீங்க வச்சுக்குங்க சார், சுமையை நாங்க எறக்கிக்கறோம்' என்று சொல்லிவிட்டு நான் எழுந்துவிட்டேன். என் பின்னால் சோடா புட்டியும் கோட்டானும் எழுந்தார்கள். கண்ணாடி இல்லாவிட்டால் தன் கையே தெரியாத சோடா புட்டி, சுமை தூக்கும் தோள்வாரையும் கம்பளியையும் முதலில் எடுத்து மடித்து வைத்துக்கொண்டான். வீட்டுச் சாமான் மாற்றப் போகிற மாதிரிதான் கிளம்பினோம்.

கோட்டானை நீங்கள்தான் வேலைக்கு எடுத்தீர்கள். ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான், பிறகு சுருங்கிக் கோட்டானாகிவிட்டது. சாப்பிட்டாயா என்றால் தலையை ஆட்டுவான், சம்பளம் போதுமா என்றால் அதற்கும் தலையை ஆட்டுவான். வாயைக் கிளறினாலும் வார்த்தை வராது. ஆனால் ஒரு பீரோவின் மேல்பக்கத்தைப் பிடித்துப் படியில் கால் வைத்துவிட்டால் போதும், அவன் குரல் தெருக்கோடி வரை கேட்கும். கீழ்ப்பக்கம் பிடித்துப் பின்னால் நடந்து இறங்குகிறவனுக்குக் கண் தெரியாது, மேலே இருக்கிறவன்தான் அவனுக்குக் கண், ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது நம் கம்பெனி வழக்கம். சொல்லாதவனை நீங்கள் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். அந்த வழக்கம் எங்கள் எலும்பு வரைக்கும் ஊறிப்போயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பின்படி வழியாக ஏறியபோது ஒன்றும் ஆகவில்லை. ஓட்டையைக் குனிந்து கடந்து போய்விட்டோம். உங்கள் தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்து, உதடு காய்ந்து போயிருந்தது. எங்களைப் பார்த்ததும் முதலில் திட்டினான். பிறகு அழுதான். நான் அழவில்லை, நேரம் இல்லை. ஒரு கதவைக் கீலோடு கழற்றி, அவனை அதில் கிடத்தி, கம்பளியால் சுற்றி, வாரால் கட்டினோம். கட்டும்போது, 'அண்ணி, கீறல் விழாம எறக்குங்க, உடையும் பொருள்னு ஒரு சீட்டு எழுதி நெத்தியில ஒட்டிடுங்க' என்றான். அந்த நிலைமையிலும் அவனுக்கு வாய் குறையவில்லை.

யாரும் மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டோம். சோடா புட்டி கீழ்ப்பக்கம் பிடித்துப் பின்னால் நடந்தான். 'எனக்கு முன்னால நடந்தாலும் தெரியாது, பின்னால நடந்தா என்ன நஷ்டம்' என்று கிளம்புவதற்கு முன் சொன்னான். கோட்டான் மேல்பக்கம். நான் துப்பாக்கியோடு முன்னால் இறங்கி, ஒரு கையைச் சோடா புட்டியின் முதுகில் வைத்து வழிகாட்டினேன். நாலாம் மாடி இறங்கினோம், மூன்றாம் மாடி இறங்கினோம். அடுத்த படிவரிசையின் அடியில்தான் அந்த ஓட்டை. அதற்குக் கொஞ்சம் மேலே ஒரு படி உடைந்து, பாதி தொங்கிக்கொண்டிருந்தது. நான் அந்த நேரம் ஓட்டை வழியாக வங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோடா புட்டியின் கால் உடைந்த படிக்குப் போவதை மேலேயிருந்து கோட்டான் பார்த்துவிட்டான்.

அவன் வாய் திறந்துவிட்டது. 'பாத்து! ஒடஞ்ச படி! அகட்டி வை! இடது தோளு, சுவரு, சுவரு!' என்று முழுக் குரலில், ஏதோ வாடிக்கையாளர் கீழே நின்று பார்ப்பது போலக் கத்தினான். மாதக்கணக்கில் குடி இல்லாமல் கிடந்த காலிக் கட்டடம் அது. அந்தக் குரல் மேலும் கீழும் போய் மோதித் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அவன் முகத்தை நான் பார்த்தேன். அதை எழுத எனக்குத் தெரியவில்லை. சோடா புட்டி மட்டும் உடைந்த படியைத் தாண்டிச் சரியாகக் கால் வைத்திருந்தான்.

உடனே ஓட்டை வழியாகச் சுட ஆரம்பித்தார்கள். எதிர்ச் சுவரில் காரை பெயர்ந்து எங்கள் தலையில் கொட்டியது. ஓட்டையைத் தாண்டாமல் கீழே போக முடியாது. தாண்டினால் சல்லடைதான். மேலே திரும்பி ஏறவும் கைகளில் தெம்பு இல்லை. அப்படியே படியில் நின்றோம். உங்கள் தம்பி, 'என்ன கோட்டான், கம்பெனிக்கு விளம்பரமா?' என்று கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. கட்டிய துணியிலிருந்து ரத்தம் கதவில் வழிந்து, சோடா புட்டியின் கை வழுக்க ஆரம்பித்திருந்தது.

கோட்டான் என்னைக் கூப்பிட்டான். அவன் என்னிடம் நீளமாகப் பேசியது அன்று ஒரு முறைதான். 'டிரைவரக்கா, கத்தினது நான். மிச்சத்தையும் நானே கத்திடறேன். முன்படியில போய்க் கத்தினா துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்பும். இந்தப் பக்கத்தைப் புடிங்க' என்றான். வேண்டாம்டா என்றேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாரைத் தன் தோளிலிருந்து கழற்றி என் தோளில் மாட்டி, என் உயரத்துக்கு ஏற்றபடி கொக்கியை இரண்டு துளை இறுக்கிவிட்டான். பிறகு மேலே ஏறி, நடைபாதை வழியாக முன்பக்கம் ஓடிவிட்டான். அவனைத் தடுத்திருக்க முடியாது. தடுத்திருக்க வேண்டுமா என்று இன்னும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் முன்படிக்கட்டிலிருந்து அவன் குரல் கேட்டது. 'பீரோ வருது, பீரோ வருது! ஒதுங்கு! மெதுவா எறக்கு! படி!' என்று. கூடவே தடதடவென்று ஒரு சத்தம். ஏதோ பெட்டியையோ மேசையையோ இழுத்துத் தள்ளியிருக்கிறான். உள்ளே காலியான கட்டடத்தில் குரல் எங்கிருந்து வருகிறது என்று வெளியே இருப்பவனுக்கு முன்பு சரியாகத் தெரிந்திருக்காது, சத்தம் வெளியே வந்த ஓட்டையைப் பார்த்துச் சுட்டிருப்பான். இப்போது ஜன்னலில் ஆளே தெரிந்தது. துப்பாக்கி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. எங்கள் சுவரில் குண்டு விழுவது நின்றுவிட்டது.

நான் இறங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது சோடா புட்டி மெதுவாக, 'அக்கா, அவன் நம்ம படியைத்தான் சொல்றான்' என்றான். காது கொடுத்துக் கேட்டேன். ஆமாம். படி, படி, படி என்று அவன் சொன்னது எங்கள் நடைக்குச் சரியாக இருந்தது. இரண்டும் ஒரே அச்சுதானே. சோடா புட்டியோடு எத்தனை வருடம் சுமை பிடித்தவன்! அவன் கால் எந்த வேகத்தில் இறங்கும் என்று கோட்டானுக்குத் தெரியும். அங்கே சுடுகிறவர்களுக்கு ஒரு குரல், இங்கே எங்களுக்கு ஒரு குரல் என்று அவனிடம் இரண்டு குரல் இல்லை. ஒரே குரலில் இரண்டு வேலையும் செய்தான்.

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். 'திருப்பம்' என்றான், திரும்பினோம். ஓட்டையைக் கடந்தோம். 'தலை குனி, உத்தரம்' என்றான், எங்கள் பக்கத்திலும் அதே இடத்தில் உத்தரம் இருந்தது. நடு நடுவே துப்பாக்கிச் சத்தத்தில் அவன் குரல் காணாமல் போகும், எனக்கு உயிர் போகும். மறுபடியும் 'படி' என்று கேட்கும், உயிர் வரும். உங்கள் தம்பி கண்ணை மூடிக்கொண்டு, அவனோடு சேர்ந்து படி படி என்று உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான்.

கடைசி வரிசையின் நடுவில் குரல் நின்றுவிட்டது.

சோடா புட்டி ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான். அடுத்த படி என்று யாராவது சொல்ல வேண்டுமே, அதற்காகக் காத்திருந்தான். அவன் கண்ணாடிக்குள் தண்ணீர் நிற்பதைப் பார்த்தேன். நான் 'படி' என்றேன். காலை வைத்தான். மறுபடியும் சொன்னேன். மிச்சப் படிகளை நான்தான் சொன்னேன், மிகவும் மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

இங்கே கொஞ்ச நேரம் எழுதுவதை நிறுத்திவிட்டு உங்கள் தம்பிக்கு ஈரத்துணி மாற்றிவிட்டு வந்தேன். யாருக்கு எழுதறீங்க அண்ணி என்று கேட்டான். உங்க அண்ணனுக்கு என்றேன். 'நான் ரொம்ப வீரமா இருந்தேன்னு எழுதுங்க, அழுததை விட்டுடுங்க' என்றான். எழுதிவிட்டேன். அழுததையும் எழுதிவிட்டேன்.

அந்தத் துப்பாக்கிக்காரன் முன்படியைக் குறி பார்க்க ஜன்னலை விட்டு வெளியே தலையை நீட்டியிருக்கிறான். ஜவுளிக்கடை மொட்டைமாடியில் இருந்த எங்கள் ஆட்களுக்கு அது போதுமானதாக இருந்தது. சுட்டவர் அதிகாரியேதான். துப்பாக்கி அடங்கியது. மற்றவர்கள் வந்த சந்து வழியாகவே போய்விட்டார்கள். சாயங்காலம் விட்டுவிட வேண்டிய தெரு இன்றுவரை எங்களிடம்தான் இருக்கிறது. பின்வாங்கும் உத்தரவை அதற்குப் பிறகு யாரும் நினைவுபடுத்தவில்லை.

அதிகாரி கீழே வந்ததும் என்னை ஒரு பிடி பிடித்தார். 'ஒருத்தரைக் காப்பாத்தப் போய் ஒருத்தரை விட்டுட்டு வந்திருக்கீங்க, இதுல என்னம்மா கணக்கு இருக்கு' என்று கேட்டார். எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. 'கணக்கு பாக்கறவங்களா இருந்தா நாங்க ஏன் சார் இந்த ஊர்ல இன்னும் உக்காந்திருக்கோம்? கணக்கு பாத்தவங்க எல்லாம் எப்பவோ போயாச்சு. நாங்க ஏத்தின சுமையைப் பாதிப் படியில வச்சுட்டு வீட்டுக்குப் போறவங்க இல்ல. கோட்டான் இன்னும் முன்படியில கெடக்கான். அவனையும் எறக்கணும். தடுக்கறதா இருந்தா இப்பவே தடுங்க' என்றேன். எல்லோரும் கேட்கும்படிதான் சொன்னேன். சொல்லிவிட்டு வாரைத் தோளில் போட்டேன்.

அவர் துப்பாக்கியைச் சோடா புட்டியிடம் கொடுத்துவிட்டு, 'எந்தப் பக்கம் புடிக்கணும்?' என்று கேட்டார்.

கீழ்ப்பக்கம் என்றேன். அதே கதவில்தான் கோட்டானைக் கிடத்தினோம். அதிகாரி பின்னால் நடந்தார், பழக்கம் இல்லாததால் தடுமாறினார். நான் மேல்பக்கம் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் சொன்னேன். இந்த முறை மெதுவாகச் சொல்லவில்லை. தொண்டை கிழியச் சொன்னேன். வங்கியில் யாராவது மிச்சம் இருந்தால் அவர்களுக்கும் கேட்கட்டும், தூரத்தில் ஆலைக்குள் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். ஒருவரும் சுடவில்லை. கீழே வந்து பார்த்தால் நிலவறையில் இருந்தவர்கள் எல்லோரும் தெருவில் வந்து நின்றிருந்தார்கள். பட்டப்பகலில், நடுத்தெருவில், ஒளியாமல்.

அவனைக் கண்ணாடிக் கடைக்குப் பின்னால் அடக்கம் செய்திருக்கிறோம். அவன் மனைவி நீங்கள் இருக்கும் முகாமில்தான், கடைசிக் கூடாரத்தில் இருக்கிறாள். அவளிடம் நீங்கள் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் வந்து சொல்கிறேன். அது என் பொறுப்பு. எனக்குத் தாமதமானால் மட்டும் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். அவன் தவறு செய்தான் என்று யாராவது சொல்லி அவள் காதில் விழுவதற்கு முன்னால் சொல்லுங்கள். அவன் கத்தியிருக்காவிட்டால் சோடா புட்டி விழுந்திருப்பான், அவனோடு உங்கள் தம்பியும் உருண்டிருப்பான். எனக்கு அது தவறாகத் தெரியவில்லை. தெரிந்தாலும் இனி யாரும் என் எதிரில் அதைச் சொல்ல முடியாது.

இப்போது உங்களுக்குப் புரியுமோ என்னவோ. நான் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பிடிக்கிறேன்தான். எனக்குப் பயமே இல்லை என்று நினைக்காதீர்கள், தினமும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். பாப்பாவின் தலையை மோந்து பார்க்க வேண்டும் போல இருக்கும்போது கையைக் கடித்துக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தெருவை விட்டுவிட்டு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தால் அது எனக்குத் தொண்டையில் இறங்காது. அவர்கள் வந்து நம் வீட்டு நாற்காலியில் கால் நீட்டி உட்காருவார்கள் என்று நினைத்தாலே உடம்பு எரிகிறது. அவர்கள் தலைகீழாக நின்றாலும் அதற்கு விடமாட்டேன். தினமும் இந்தத் தெருவில் நடக்கிறேன், சத்தமாகப் பேசுகிறேன். பூனையைக்கூட அதட்டித்தான் கூப்பிடுகிறேன்.

நாளைப் பயணத்தைப் பற்றி. லாரிக்கு முன் கண்ணாடி இல்லை, பிரேக் நன்றாக இருக்கிறது. வண்டியின் உட்பக்கம் முழுக்க மெத்தைகளைக் கட்டிவிட்டோம், நாம் பியானோ ஏற்றும்போது கட்டுவோமே, அதேபோல. பாலத்தின் பாதி தூரம் ஆலைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும். அந்தப் பாதியை எவ்வளவு வேகமாக ஓட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்கள் மாதிரி மெதுவாக ஓட்டக் கற்றுக்கொள்ளாதது நல்லதாகப் போயிற்று. சோடா புட்டி பின்னால் உங்கள் தம்பியைப் பிடித்துக்கொண்டு வருவான். அதிகாரி என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன் என்கிறார். எனக்கும் லாரி ஓட்டத் தெரியும், வழிக்குத் துணையாக இருக்கும் என்றார். எதற்குத் துணை என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் நர்ஸ் அக்கா கையில் வருகிறது. அவள் இன்றைக்கே கிளம்பி ஆற்றோரமாக நடந்து, படகுத்துறை வழியாக வருகிறாள். நாளைக்கு நீயே நேரில் போகிறாயே, பிறகு எதற்குக் கடிதம் என்று அவள் கேட்டாள். அவருக்குக் கடிதம் வந்தால்தான் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவார் என்று சொல்லிச் சமாளித்தேன். நீங்களும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக் காலை பாலத்தின் அந்தக் கோடியில் வந்து நில்லுங்கள். பாப்பாவை அழைத்து வர வேண்டாம். அவளுக்கு முடி பின்னிவிட்டு, சாப்பாடு கொடுத்து, பக்கத்துக் கூடாரத்தில் விட்டுவிட்டு வாருங்கள். கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் உங்களிடம் சொல்லியிருப்பது எனக்கு நினைவிருக்கிறது. இருந்தாலும் தம்பியின் தலைப்பக்கத்தை நீங்கள்தான் பிடிக்க வேண்டும், வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். லாரிப் படியில் இறங்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் குரலைக் கேட்டால் அவன் தைரியமாக இருப்பான்.

வண்டி வந்து நின்றதும் ஓட்டுகிற இடத்தைப் பார்க்காதீர்கள். அங்கே நான் உட்கார்ந்திருந்தாலும் சரி, அதிகாரி உட்கார்ந்திருந்தாலும் சரி, பரவாயில்லை. நேராகப் பின்பக்கம் போய் முதலில் அவனை இறக்குங்கள். மற்றதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்களை என்றும் நினைத்திருக்கும்,
சொன்ன பேச்சு கேட்காத மனைவி